கேட்காமலே திறந்திருக்கும் கதவு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், உயர்கல்வித் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் நால்வர் இணைந்து வழங்கிய உரையின் எழுத்துவடிவம்)



நாங்கள் நால்வரும் 1980களின் பிற்பகுதியில் இக்கல்லூரியில் உயர்தரம் படித்தவர்கள். இருவர் கலைப் பிரிவு, இருவர் விஞ்ஞானப் பிரிவு. இன்று ஒருவர் பல்கலைக்கழகத்தில் வரலாறும் இன்னொருவர் இரசாயனவியலும் கற்பிக்கிறோம். ஒருவர் கல்வியியற் கல்லூரியில், மற்றவர் தொழில்நுட்பக் கல்லூரியில் பணியாற்றுகிறோம். பழைய நினைவுகளைப் பேசும்படிதான் சங்கத்தினர் எங்களைக் கேட்டார்கள். ஆகவே நினைவு ஒன்றில் இருந்தே தொடங்குகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பெருமையோடு சொல்லி வந்தோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

எங்கள் ஆண்டில் கண்பார்வை மிகக் குறைந்த தோழி ஒருத்தி இருந்தாள். சிறு வகுப்புகளில் முன் வாங்கில் இருந்தால் கரும்பலகை ஓரளவு தெரியும். உயர்தரத்துக்கு வந்தபோது அதுவும் தெரியாமற் போயிற்று. ஆனால் இரண்டு முறை வாசித்துக் காட்டினால் ஒரு பாடம் முழுவதையும் நெஞ்சில் பதித்துவிடுவாள். காலை மணி அடிக்கும் முன்னரும் இடைவேளையிலும் நாங்கள் முறை வைத்து அவளுக்குக் குறிப்புகளை வாசித்தோம். யார் வாசிப்பது என்று சண்டையும் பிடித்திருக்கிறோம். ஒருநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் எங்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். முழு மண்டபமும் கை தட்டியது. அவள் நல்ல பெறுபேறு பெற்றுப் பல்கலைக்கழகம் சென்றாள். இரண்டாம் ஆண்டின் நடுவில் படிப்பை விட்டுவிட்டாள். கல்யாணம் சரிவந்திருக்கும், அல்லது நாட்டு நிலைமை காரணமாயிருக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். போய்க் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பினரின் ஒன்றுகூடலில் அவளைச் சந்தித்தோம். பழைய கதை கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, "ஏன் கம்பசை விட்டனீ?" என்று எங்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள். அவள் சொன்ன பதிலை அவள் சொன்னபடியே தருகிறோம்:

"நீங்கள் எல்லாரும் நல்ல பிள்ளையள். கம்பசிலையும் நல்ல பிள்ளையள்தான் இருந்தவை. ஆனா ஒவ்வொரு நாளும் ஆரையாவது கேட்டு, ஆருக்காவது நன்றி சொல்லி, அப்பிடிப் படிக்க எனக்கு ஏலாமல் போச்சு. படிப்புக் கஷ்டமில்லையடி. கேக்கிறதுதான் கஷ்டம்."

அன்றிரவு எங்களில் யாருக்கும் நித்திரை வரவில்லை. எங்கள் அன்பில் குறை இருந்ததாக அவள் சொல்லவில்லை. அவளுடைய படிப்பு முழுவதும் மற்றவர்களின் அன்பில் தங்கியிருந்ததுதான் குறை என்று சொன்னாள். இந்த உரை அந்தப் பதிலில் இருந்து பிறந்தது.

அவள் படித்த பாடநெறியில் என்ன நடந்தது என்று பின்னர் ஆறுதலாக இருந்து கேட்டோம். யாரும் அவளைத் துன்புறுத்தவில்லை. விரிவுரையாளர் பலகையில் எழுதிக்கொண்டே, "இதிலிருந்து இது வரும், இதை இங்கே பாருங்கள்" என்று சொல்வார். எது எதிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. ரோணியோவில் அடித்த மங்கிய குறிப்புகள் கையில் கிடைக்கும். நேர அட்டவணை மாறினால் விளம்பரப் பலகையில் ஒரு துண்டு ஒட்டப்படும். பரீட்சையில் அவளுக்காக எழுதுபவர் யார் என்பது அன்று காலையில்தான் முடிவாகும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். நாளுக்குப் பத்துத் தடவை கேட்டால் வாரத்துக்கு எத்தனை, ஆண்டுக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பாடநெறியை வகுத்தவர்கள் தங்கள் மனத்தில் ஒரு மாணவரை வைத்திருந்தார்கள். அவருக்கு நன்றாகக் கண் தெரியும், காது கேட்கும். மூன்று மணித்தியாலம் கை நோகாமல் எழுதுவார். மூன்றாம் மாடிக்கு ஓடி ஏறுவார். ஆங்கிலம் விளங்கும். வீட்டில் இருந்து மாதாமாதம் காசு வரும். பராமரிக்க வேண்டிய தாயோ பிள்ளையோ இல்லை. இப்படி ஒருவர் எங்கேனும் இருக்கலாம். ஆனால் எங்கள் விரிவுரை மண்டபங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் அவரில் இருந்து வேறுபட்டவர்கள். அந்த வேறுபாட்டின் சுமையை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. இதுவரை மாணவரே தாங்கி வந்திருக்கிறார். பாடநெறியை வகுப்பவர் அதைத் தாங்கலாமா?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ரொனால்ட் மேஸ் என்பவர் சிறுவயதில் போலியோவினால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த கட்டடக் கலைஞர். கட்டி முடித்த கட்டடத்தில் பின்னர் சாய்தளத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதைவிட, முதலில் கீறும் வரைபடத்திலேயே எல்லோரையும் மனத்தில் வைத்துக் கீற வேண்டும் என்று அவர் வாதிட்டார். அதனை யாவருக்குமான வடிவமைப்பு என்றார்கள். அதே எண்ணத்தை, 1984இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் தொடங்கிய காஸ்ட் என்ற நிறுவனம் கற்பித்தலுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் சொல்வதைச் சுருக்கமாக மூன்றாகச் சொல்லலாம். மாணவர் பாடத்தில் ஈடுபட ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும். பாடம் அவரிடம் சென்று சேர ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும். கற்றதை அவர் வெளிப்படுத்தவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும்.

கேட்க இலகுவாக இருக்கிறது. எங்கள் சொந்தப் பாடநெறிகளை எடுத்துப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது. அந்த வெட்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும்.

எங்களில் ஒருவரின் வகுப்புக்கு விழிப்புலன் அற்ற மாணவர் ஒருவர் வந்தார். மடிகணினி வைத்திருந்தார். அதில் என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பான் இருந்தது. திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள் அது. அவுஸ்திரேலியாவில் விழிப்புலன் அற்ற இருவர், மைக்கல் கரனும் ஜேம்ஸ் டேயும், உருவாக்கி உலகுக்கு இலவசமாகக் கொடுத்தது. தமிழையும் வாசிக்கும். எங்களுக்கு மகிழ்ச்சி. "இனி ஒருவரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை" என்று சொல்லி, பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த விரிவுரைக் குறிப்புகள் முழுவதையும் ஒரே நாளில் அனுப்பினோம்.

மறுநாள் அவர் வந்து, "மிஸ், ஒண்டும் விளங்கேல்ல" என்றார். காதில் பொருத்தும் கருவியைத் தந்தார். கேட்டோம். 'தமிழ்' என்று நாங்கள் தட்டச்சிட்டிருந்த இடத்தில் கணினி 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று வாசித்துக்கொண்டிருந்தது.

காரணம் பாமினி. இங்கு இருப்பவர்களில் பலர் அந்த எழுத்துருவில்தான் தமிழ் தட்டச்சுப் பழகினோம். பாமினியில் நாம் காண்பது தமிழ் எழுத்தின் உருவம் மட்டுமே. கணினியின் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. கண்ணால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. காதால் வாசிப்பவருக்கு அது அர்த்தமற்ற இரைச்சல். யுனிகோட் எனப்படும் ஒருங்குறியில் தட்டச்சிட்டால் உள்ளேயும் தமிழே இருக்கும். திரைவாசிப்பான் வாசிக்கும், தேடினால் கிடைக்கும், கைத்தொலைபேசியிலும் சிதையாமல் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. ஒரு பாடத்தின் குறிப்பை மாற்றிப் பிழை பார்க்க எங்களுக்கு ஏறத்தாழ அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த அரை மணித்தியாலத்தைப் பதினைந்து ஆண்டுகளில் நாங்கள் செலவிடவில்லை. தோழிக்கு முறை வைத்து வாசித்த அதே நாங்கள்தான்.

அதன்பின் நால்வரும் கூடி, எங்கள் பாடநெறிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். செய்த மாற்றங்களில் சிலவற்றைச் சொல்கிறோம். எதற்கும் பெரிய பணம் தேவைப்படவில்லை.

முதலாவது, எதை அளக்கிறோம் என்று கேட்டுக்கொண்டோம். வரலாற்றுப் பாடத்தில் மூன்று மணித்தியாலத்தில் ஐந்து கட்டுரை எழுத வைத்தோம். மாணவரின் வரலாற்று அறிவை அளக்கிறோமா, கையின் வேகத்தை அளக்கிறோமா? பீடத்தின் அங்கீகாரம் பெற்று ஐந்தை மூன்றாகக் குறைத்து, கேள்விகளை ஆழமாக்கினோம். மனப்பாடம் செய்து வேகமாக எழுதியவர்களுக்கு அது கடினமாயிற்று. சிந்தித்து மெதுவாக எழுதுபவர்களுக்கு முதன்முறையாக நேரம் போதியதாயிற்று. மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லாமற் போயிற்று. விடையெழுதித் தருபவர் தேவைப்படும் மாணவருக்கு அவர் யார் என்பதைத் தவணையின் தொடக்கத்திலேயே தீர்மானித்து, இருவரும் சேர்ந்து பயிற்சி செய்ய இடமளித்தோம்.

இரசாயன ஆய்வுகூடத்திலும் இதே கேள்விதான். நியமிப்பின்போது மெதைல் செம்மஞ்சள் காட்டி அமிலத்தில் சிவப்பு, காரத்தில் மஞ்சள். சிவப்பு, பச்சை சார்ந்த நிறக்குருடு உள்ளவருக்கு அந்த மாற்றம் தெளிவாகத் தெரியாது. இவ்வகை நிறக்குருடு பெண்களைவிட ஆண்களிடம் மிக அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியான மாணவர், தம்மைக் கவனயீனமானவர் என்று மற்றவர் நினைக்கிறார்கள் என்று அஞ்சி, பக்கத்து மேசையின் வாசிப்பைப் பார்த்து எழுதுவார். நாங்கள் கற்பிக்க விரும்புவது முடிவுப்புள்ளி என்ற கருத்தை. பீஎச் மானியின் எண்ணைப் பார்த்தும் அதைக் கண்டுபிடிக்கலாம், வரைபு கீறலாம். இப்போது இரண்டு வழியும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விரும்பியதைத் தெரிவு செய்யலாம். யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, பாடம் செல்லும் வழி. புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால் அது எழுத்தல்ல, படம். திரைவாசிப்பான் அதில் ஒன்றையும் காணாது. ஆகவே எழுத்தாகவே தருகிறோம். தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், மென்பொருளில் தலைப்பு என்றே குறிக்கிறோம். அப்போது கேட்டு வாசிப்பவர் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்லலாம். படம் இருந்தால் அதன் கீழ் இரண்டு வரியில் என்ன இருக்கிறது என்று எழுதுகிறோம். இளநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து அழகாகத்தான் இருக்கும், பின் வாங்கில் இருப்பவருக்குத் தெரியாது. இணையத்தளங்களுக்கான சர்வதேச வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. எங்கள் பல படவில்லைகள் அதில் தேறவில்லை. பலகையில் எழுதும்போது 'இது', 'அது' என்று சொல்வதை விட்டு, எழுதுவதை வாயாலும் சொல்கிறோம். மாணவரை நோக்கித் திரும்பிப் பேசுகிறோம். உதட்டசைவைப் பார்த்து விளங்கிக்கொள்பவர்கள் எங்கள் முதுகில் இருந்து எதையும் வாசிக்க முடியாது. கற்றுக்கொள்ள மிகக் கடினமாக இருந்தது இந்தப் பழக்கம்தான். பலகையைப் பார்த்துக் கதைத்த முப்பது ஆண்டுப் பழக்கம் எளிதில் போகாது.

மூன்றாவது, மொழி. எம் பிள்ளைகள் உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு, விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் என்று போனவுடன் முதல் விரிவுரையையே ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். வட்டாரத்திலேயே கெட்டிக்காரி என்று பெயர் எடுத்த பிள்ளை முதல் தவணையில் வாய் திறப்பதில்லை. அவளுக்கு உடலில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் பாடநெறி அவளுக்கு மூடிக் கிடக்கிறது. ஒவ்வொரு அலகுக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கலைச்சொற் பட்டியலை முன்கூட்டியே கொடுக்கிறோம். குழுவாகக் கலந்துரையாடும்போது விரும்பிய மொழியில் பேசலாம், முடிவை மட்டும் ஆங்கிலத்தில் எழுதலாம் என்கிறோம். இதனால் ஆங்கிலம் குறையவில்லை. பயம் குறைந்ததும் ஆங்கிலம் விரைவாக வந்தது.

நான்காவது, நேரமும் செலவும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் எல்லாம் மூடப்பட்டு இணையவழிக்கு மாறியபோது, காணொளி விரிவுரைகளைப் பதிவு செய்து வைத்தோம், கடமை முடிந்தது என்று நினைத்தோம். பலர் அவற்றைத் திறக்கவே இல்லை. சிறிய தொலைபேசி, விட்டு விட்டு வரும் சமிக்ஞை, முடிந்துபோன டேட்டா. அதே விரிவுரையின் குரலை மட்டும் பிரித்துச் சுருக்கினால் ஒரு மணித்தியாலத்துக்கு 15 மெகாபைற் அளவில் அடங்கிவிடும். அதனுடன் இரண்டு பக்க எழுத்துக் குறிப்பும் வைத்தோம். குரல் கேட்காதவருக்கு எழுத்து, எழுத்துத் தெரியாதவருக்குக் குரல், டேட்டா இல்லாதவருக்கு இரண்டும். ஒருவருக்கென்று செய்தது மூவருக்கு உதவியது. பஸ்ஸில் வரும்போது கேட்பதாகச் சொன்னவர்கள் வேறு. ஒப்படைகளுக்கும் கடைசித் திகதி ஒன்றைக் கொடுத்து, காரணம் கேட்காமல் மூன்று நாள் சலுகையை எல்லோருக்கும் பொதுவாக வைத்தோம். மரணச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் கொண்டுவந்து கண்ணீரோடு எங்கள் அறை வாசலில் நிற்கும் காட்சி அத்துடன் பெரும்பாலும் நின்றது.

ஐந்தாவது, முதல் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு சிறிய அட்டை கொடுக்கிறோம். "இந்தப் பாடத்தைப் படிக்க உங்களுக்கு எது தடையாக இருக்கக்கூடும்?" என்ற ஒரே கேள்வி. பெயர் எழுதலாம், எழுதாமலும் விடலாம். வந்த பதில்களில் சிலவற்றைக் கேளுங்கள். "எங்கட ஊர் பஸ் எட்டு இருபதுக்குத்தான் வரும்." "அம்மா படுக்கையில், நான்தான் பார்க்கிறேன்." "பின்னேரம் கடையில் வேலை." "எனக்குப் பலர் முன்னிலையில் பேசினால் மூச்சு முட்டும்." ஓர் அட்டையில், "2009இல் செல் விழுந்ததில் வலது காது கேட்காது. இடப்பக்கம் இருந்து கதைத்தால் கேட்கும்" என்று இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்போது பத்து வயதாக இருந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு ஆசிரியரிடமும் அதைச் சொன்னதில்லை. பின்னர் கேட்டபோது, "என்னைவிட மோசமா எவ்வளவோ பேருக்கு நடந்தது மிஸ், இதை என்னெண்டு போய்ச் சொல்லுறது?" என்றான். எங்கள் மண்ணில் 'எங்கள் வகுப்பில் அப்படி ஒருவரும் இல்லை' என்று எந்த விரிவுரையாளரும் சொல்ல முடியாது. சொல்லாதவர்கள்தான் இருக்கிறார்கள்.

நாங்கள் பிழையும் விட்டோம். தொடக்கத்தில் ஒருவர் விரிவுரை மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும், "இன்னாருக்கு விசேட குறிப்பு தயார், வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று பெருமையோடு அறிவித்தார். அந்த மாணவி அதன்பின் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. எங்கள் தோழி சொன்னது அப்போதுதான் முழுமையாக விளங்கியது. சலுகை என்று கொடுத்தால் அதில் ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். வடிவமைப்பு என்று கொடுத்தால் அது எல்லோருடையதும். இப்போது எல்லாக் குறிப்பும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருக்கிறது. யார் எதை எடுக்கிறார் என்று நாங்கள் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே வடிவமைத்துவிட முடியாது. சைகைமொழி பேசும் மாணவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதை ஒரு குறிப்பினால் ஈடுசெய்ய ஏலாது. ஆனால் பொதுக் கதவு அகலமாக இருந்தால், தனித் தேவை உள்ளவருக்கு நேரமும் பணமும் ஒதுக்க நிறுவனத்துக்கு இயலும்.

இவ்வளவையும் எங்கள் சகாக்களிடம் சொன்னபோது, "தரம் குறையாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாங்கள் சொன்ன பதில் இது. மலை உச்சிதான் தரம். அந்த உச்சியை ஒரு அடியும் இறக்கவில்லை. ஏறும் பாதையில் வேண்டாமல் கிடந்த கற்களைத்தான் அகற்றினோம். நியமிப்பின் முடிவுப்புள்ளியை விளங்காத எவரும் எங்கள் பாடத்தில் இப்போதும் சித்தியடைவதில்லை.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசெம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை உயர்கல்வியையும் தொழிற்பயிற்சியையும் வெளிப்படையாகச் சொல்கிறது. புத்தகங்களை விழிப்புலன் அற்றோர் வாசிக்கக்கூடிய வடிவில் ஆக்குவதற்கான 2013ஆம் ஆண்டின் மரக்கேஷ் உடன்படிக்கையிலும் இலங்கை இணைந்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு விசேட ஏற்பாடு உண்டு. ஆக, வாசல்வரை பிள்ளை வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பாடநெறியை எந்தச் சட்டமும் எழுதித் தராது. அதை ஒவ்வொரு விரிவுரையாளரும் தன் மேசையில் இருந்துதான் எழுத வேண்டும். 1912இல் மேரி சப்மன் அம்மையார் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். வடக்கிலே கைதடி நவீல்ட் பாடசாலை அப்பணியைச் செய்து வருகிறது. அங்கிருந்து படித்து வெளியே வரும் பிள்ளைக்கு அடுத்த படியைக் கட்டவேண்டியவர்கள் நாங்கள்.

அன்புக்குரிய அக்காமாரே, தங்கைமாரே, நீங்கள் உலகெங்கும் இருக்கிறீர்கள். எல்லோரும் விரிவுரையாளர் அல்லர். ஆனாலும் நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. உங்கள் பிள்ளைகள் படிக்கும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. அங்கு நீங்கள் பார்த்த நல்ல நடைமுறைகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். தமிழ் தட்டச்சுத் தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால், பழைய பாமினிக் குறிப்புகளையும் ஸ்கேன் செய்த பக்கங்களையும் ஒருங்குறியாக மாற்றித் தரலாம். குரல் நன்றாக இருப்பவர்கள் பாட உசாத்துணை நூல்களை வாசித்துப் பதியலாம். அன்று மாமரத்தடியில் ஒருத்திக்கு வாசித்ததை இன்று ஒருமுறை பதிந்தால், முகம் தெரியாத நூறு பிள்ளைகள் நன்றி சொல்லத் தேவையின்றிக் கேட்பார்கள். சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்த மலரை அச்சிடுவதோடு நிற்காமல், ஒருங்குறி எழுத்துப் பிரதியாகவும் வெளியிடுங்கள். படங்களின் கீழ் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். பார்வை மங்கிய எங்கள் பழைய ரீச்சர்மாரும் பேரப்பிள்ளைகளைக் கெஞ்சாமல் வாசிப்பார்கள்.

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வகுப்பிலும் உதவி தேவைப்படும் தோழி ஒருத்தி இருக்கக்கூடும். அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதை விடவேண்டாம். அத்துடன், அவள் தானாகவே வாசிக்க என்ன வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். நாங்கள் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்கவில்லை.

இந்த உரையை எழுதி முடித்ததும் எங்கள் தோழிக்கு அனுப்பினோம். அவள் இப்போது தன் தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் கேட்டு வாசிக்கிறாள். இரண்டு நாளில் திருத்தங்களோடு திரும்பி வந்தது. மூன்று எழுத்துப்பிழைகளைப் பிடித்திருந்தாள். பெயர் போடவேண்டாம் என்றாள். அவளுடைய மன உறுதியைப் புகழ்ந்து நாங்கள் எழுதியிருந்த ஒரு முழுப் பந்தியை வெட்டிவிட்டாள். "எனக்கு அது தேவையில்லை. பாமினிக் கதையை மட்டும் விடாதேங்கோ" என்று கீழே எழுதியிருந்தாள். அவள் சொன்னபடியே செய்திருக்கிறோம்.